கற்பூரத்தில் ஓடாத இன்ஜின்

ஒன்றரைச் சாண் நீளமுள்ள நீராவி இன்ஜினை எதை எரித்து ஓட்டலாம் என்று யாராவது கேட்டால் ஸ்பிரிட், மண்ணெண்ணெய், அடுப்புக்கரி, கற்பூரம் என்று நான்கைச் சொல்வேன். நான்கையும் எரித்துப் பார்த்தவன் நான். அவற்றில் இரண்டு சேர்ந்து என் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தன. அது நடந்தது 1968 ஆகஸ்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கும் அதற்கு இரண்டு வாரம் தள்ளி வந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் நடுவில். அந்த வருடத்து டைரி பக்கத்தில் இருப்பதால் கிழமை தவறாமல் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. சித்தூரில் ஒரு சர்க்கார் அலுவலகத்தின் ரெக்கார்டு ரூமில் குமாஸ்தா. அலுவலகத்துக்குக் கூப்பிடு தூரத்தில், முற்றத்தோடு கூடிய ஒற்றை அறையில் குடியிருந்தேன். மெட்ராஸ் போயிருந்தபோது பழைய புத்தகக் கடையில் ஆங்கிலப் பத்திரிகைக் கட்டு ஒன்று எடை போட்டு வாங்கினேன். அதில் சீமையில் பெரிய மனிதர்கள் தங்கள் தோட்டத்தில் முழங்கால் உயரம்கூட இல்லாத ரயில் இன்ஜின்களை ஓட்டுவது பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. சாவி கொடுக்கும் பொம்மை இல்லை. நிஜ நெருப்பு, நிஜத் தண்ணீர், நிஜ நீராவி. படித்த வாரமே பாகாலாவுக்குப் போய் என் பள்ளித் தோழனைப் பார்த்தேன். அவன் நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பாகாலா லோகோ ஷெட்டில் ரயில் இன்ஜின் பழுதுபார்க்கும் ஃபிட்டர். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இத்த செய்யலாம் பா. ஆனா கல்யாணம் ஆவறதுக்குள்ள செஞ்சிடணும், அப்பறம் வுடமாட்டாங்க" என்றான்.

செய்து முடிக்க மூன்று வருடம் ஆயிற்று. சீமையில் இன்ஜினுக்கு வேண்டிய ஃபிட்டிங்ஸ் எல்லாம் அட்டைப் பெட்டியில் போட்டு விற்பார்களாம். எங்களுக்குச் சித்தூர் கடைவீதிதான் அட்டைப் பெட்டி. பாய்லருக்குச் செம்புத் தகட்டை உருட்டிக் கொடுத்தவர் பாத்திரக் கடைக்காரர். அதை வெள்ளிப் பற்று வைத்து அடைத்தவர் நகை செய்யும் பத்தர். கம்மலுக்கு வைப்பதைவிட நிறையப் பற்று போகிறது என்று அவர் கடைசிவரை முணுமுணுத்தார். பாய்லரில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய், பள்ளிக்கூட ஆய்வகத்தில் உடைந்துபோன ஒன்றின் மிச்சம். அதன் இரு முனையிலும் நீராவி ஒழுகாமல் இருக்க கோலி சோடா பாட்டிலின் ரப்பர் வளையம். இதைவிடச் சிறந்த பொருளைச் சீமையில்கூடக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

சேஃப்டி வால்வுதான் பாடாய்ப் படுத்தியது. உள்ளே அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து நீராவியை வெளியே விட வேண்டிய வால்வு அது. முதலில் சைக்கிள் பால்ஸ் ஒன்றைப் போட்டோம். ஒரே வாரத்தில் துருப்பிடித்து, தான் மூட வேண்டிய துளையோடு ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு நாங்கள் இருவரும் கிணற்றடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து பாய்லர் ஆறும்வரை காத்திருந்தோம். பிறகு பத்தர் கடைந்து கொடுத்த வெண்கலக் குண்டும், பால்பாயிண்ட் பேனாவின் சுருளும் அந்த இடத்துக்கு வந்தன. சிலிண்டருக்கு நல்லெண்ணெய் விட்டுப் பார்த்தோம், பிசினாகிவிட்டது. ஷெட்டில் விடும் கெட்டியான ஸ்டீம் ஆயில் ஒரு மைப்புட்டி அளவு போதுமாயிருந்தது.

எரிபொருளில் எங்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கு பெட்ரோமாக்ஸ் நிப்பிளை வைத்துப் பார்த்ததில் அது புலிபோல உறுமி இன்ஜினைக் கறுப்பாக்கியது. அடுப்புக்கரி நின்று எரியப் பாய்லரின் அடியில் இடம் போதவில்லை. ஸ்பிரிட் ஒன்றுதான் மரியாதையானது. மூன்று சிறு குழாயில் விளக்குத் திரியை அடைத்து ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தினால் நீலச் சுவாலை, புகை கிடையாது, கரி கிடையாது, ஐந்து நிமிடத்தில் நீராவி.

ஒரே சிக்கல், அது மதுவிலக்குக் காலம். ஸ்பிரிட் விற்கும் கடைக்காரர் நோட்டை நீட்டி, எதற்கு என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வார். 'மேஜைக்குப் பாலிஷ்' என்று எழுதுவேன். என்னிடம் இருந்தது ஒரே மேஜை. அந்த நோட்டை யாராவது புரட்டியிருந்தால், ராஜாக்கள் முகம் பார்க்கும் மேஜை ஒன்று சித்தூரில் இருப்பதாக நினைத்திருப்பார்கள்.

இந்த நிலைமையில் எனக்குப் பெண் நிச்சயமாயிற்று. எங்கள் பழைய மிஷன் சபையிலேயே பெண். சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் டீச்சர். அவளுடைய அப்பா சபையின் மதுவிலக்குக் கமிட்டித் தலைவர். எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்பவர் யாராவது இருந்தால் இப்போதே சொல்லலாம் என்று போதகர் பீடத்திலிருந்து கேட்பார். மூன்றுமுறையும் யாரும் வாய் திறக்காவிட்டால் கல்யாணம். யாராவது எழுந்துவிட்டால், விசாரணை முடியும்வரை எல்லாம் நிற்கும்.

முதல் ஓலை வாசித்த மறுநாள், திங்கட்கிழமை சாயங்காலம், சொல்லாமல் கொள்ளாமல் பெண்ணின் அப்பா என் அறைக்கு வந்தார். அறை நடுவில் நின்று மூக்கை இரண்டு தடவை உறிஞ்சினார்.

"இன்னா வாசன மாப்ள இது?"

"ஸ்பிரிட்டுங்க ஐயா."

"அது எனக்கும் தெரியுது. எதுக்கு?"

"இன்ஜினுக்குங்க."

"நான் இருவது வருசமா கமிட்டில கீறேன். பல்லு வலிக்குன்னாங்க, மாட்டுக் காலுக்குன்னாங்க. இன்ஜினுக்குன்னு இப்பதான் மொதல் தபா கேக்கறேன்."

இன்ஜினைக் காட்டினேன். காட்டாமல் இருந்திருக்கலாம். இருபது வருடமாகத் திருட்டுச் சாராயம் பிடித்துக்கொண்டிருந்தவருடைய கண்ணுக்குச் செம்புப் பானையும், அதிலிருந்து புறப்படும் குழாயும், கீழே அடுப்பும் என்னவாகத் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை.

"இதுல எவ்ளோ புடிக்கும்?"

"அரை பாட்டில் தண்ணி புடிக்கும்."

"இந்தக் கொழா எங்க போவுது?"

"சிலிண்டருக்கு."

"அங்க இன்னா சொட்டுது?"

"கொஞ்சம் தண்ணி சொட்டும் ஐயா, நீராவி ஆறினா."

அவர் குனிந்து சிலிண்டருக்கு அடியில் விரலை வைத்தார். விரலில் ஒட்டியதை நாக்கில் வைத்தார். அது பாகாலா ஷெட்டின் ஸ்டீம் ஆயில். முகம் போன போக்கைப் பார்த்து தண்ணீர் கொடுத்தேன். சாராயம் இல்லை என்ற அளவில் அவருக்குத் திருப்தி. ஆனாலும், "ஊரு வாய்க்கு நான் பதில் சொல்லிக்கினு இருக்க முடியாது. இனிமே இந்த ஸ்பிரிட்டுச் சனியன் உள்ள வரக்கூடாது" என்றார். வராது என்று வாக்குக் கொடுத்தேன்.

இனிமேல் உள்ளே வரக்கூடாது. ஏற்கெனவே உள்ளே இருப்பதைப் பற்றிப் பேச்சு இல்லை. ரெக்கார்டு ரூமில் வேலை பார்ப்பவனுக்கு வாசகம் முக்கியம். பாட்டிலில் மிச்சமிருந்த ஸ்பிரிட்டை நல்லபடியாகத் தீர்த்துவிடலாம் என்று மறுநாள் செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முற்றத்தில் இன்ஜினை வைத்துக் கொளுத்தினேன். உச்சி வெயிலில் ஸ்பிரிட் எரிவது கண்ணுக்குத் தெரியாது. பத்திரிகையில் படித்திருந்தேன், படித்தது நினைவுக்கு வரவில்லை. திரி அணைந்துவிட்டதென்று நினைத்துக் குனிந்து இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். பொசுக்கென்று ஒரு சத்தம். தலையில் முன்பாதி முடியும் இடது புருவமும் போயின. இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

புதன்கிழமை சலூன்காரர் என்னைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். "பாதி வயல்ல தீ வெச்ச மாதிரி கீது சார். மீதியையும் அறுத்துடலாம்" என்றார். அறுத்துவிட்டார்.

வியாழக்கிழமை சுதந்திர தினம். காலையில் குல்லாய் போட்டுக்கொண்டு அலுவலகத்தில் கொடியேற்றத்துக்கு நின்றேன். அது முடிந்ததும் ரயில் பிடித்துப் பாகாலாவில் இறங்கி, ஸ்பிரிட் இல்லாமல் இனி என்ன செய்வது என்று தோழனைக் கேட்டேன். அவன் என் தலையைத் தடவிப் பார்த்து நெடுநேரம் சிரித்தான். பிறகு, "கல்பூரம் இன்னா, லேசுல எரியுமா எரியாதா? திருப்பதில மொத்தக் கடைல வாங்கலாம் வா" என்று அடுத்த ரயிலில் ஏற்றினான்.

திருப்பதியில் இறங்கியபோது வெயிலுக்கு என் தலை எரிந்தது. குல்லாய் பட்டால் இன்னும் எரிந்தது. கழற்றிப் பையில் போட்டேன். "தீஞ்ச எடத்துல சந்தனம் பூசினா குளுகுளுன்னு இருக்கும் பா" என்று சொல்லித் தோழன் தெருவோரத்தில் வாங்கி, முன்னும் பின்னும் தாராளமாகப் பூசிவிட்டான். உண்மையாகவே குளிர்ச்சியாக இருந்தது. அந்தத் தெருவில் என்னைப் போலவே நூறு பேர் மொட்டைத் தலையும் சந்தனமுமாக மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அதை நான் கவனித்தேன். அதிலிருந்து எதையும் ஊகிக்கத்தான் இல்லை.

கற்பூரக் கடைக்காரர் என் தலையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "குண்டு ஆயிந்தா? மஞ்சிதி" என்றார். மொட்டை போட்டாயிற்றா, நல்லது என்கிறார். எவ்வளவு வேண்டும் என்று கேட்டார்.

"ஒரு கிலோ" என்றேன்.

கடைக்காரர் தராசை நிறுத்தினார். "பெத்த மொக்கு."

"அவுனு, சால பெத்த மொக்கு" என்றான் தோழன். ஆமாம், ரொம்பப் பெரிய வேண்டுதல்தான்.

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு திரும்பினால் எதிரில் பெண்ணின் தாய்மாமன். திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அக்காள் மகளைத் தன் மகனுக்கு எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர், அதனால் என்னை நிச்சயத்தின்போதே சரியாகப் பார்க்காதவர். இப்போது சரியாகப் பார்த்தார். தலை, சந்தனம், கற்பூரம் என்ற வரிசையில்.

"எப்ப மலைக்குப் போனீங்க?"

"மலைக்குப் போகலீங்க. கடைக்குத்தான் வந்தேன்."

"வெக்கப்படறாரு" என்றான் தோழன். எதிரில் நிற்பவர் யாரென்று அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டான் என்று இன்றுவரை சாதிக்கிறான்.

வெள்ளிக்கிழமை கற்பூரத்தை எரித்துப் பார்த்தேன். சுவாலை உயரமாகவும் அழகாகவும் இருந்தது. அதற்குமேல் நல்ல வார்த்தை சொல்ல முடியவில்லை. பாய்லரின் அடியில் விரல் கனத்துக்குக் கரி அப்பியது. சூடு போதாத இடங்களில் ஆவி மறுபடி வெள்ளையாகப் படிந்து புகைபோக்கியை அடைத்தது. முக்கால் மணி நேரம் எரித்ததில் தண்ணீர் முனகியது. சக்கரம் அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஓலை. எங்கள் சபைக் கோயிலுக்குள் ஆண்கள் தலையை மூடக்கூடாது. என் பெயரை வாசித்துவிட்டு நிமிர்ந்த போதகர், என் தலையில் கண் பட்டதும் அடுத்த வரியை இரண்டு தடவை வாசித்தார். தடை சொல்ல யாரும் எழவில்லை. செவ்வாய்க்கிழமை தாய்மாமனின் கடிதம் பெண் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. புதன்கிழமை என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

பெண்ணின் அப்பா கடிதத்தை உரக்க வாசித்தார். மலைக்கு மொட்டை, ஒரு கிலோ கற்பூரம், கூட வந்தவனே வேண்டுதல் என்று ஒப்புக்கொண்டான், மூன்றாம் ஓலைக்குத் தாமே வந்து தடை சொல்ல எழுந்து நிற்பதாகத் தாய்மாமன் எழுதியிருந்தார். வாசித்து முடித்து மடித்தார்.

"குடிக்கறவன்னு நெனச்சேன், இல்லன்னு ஆச்சு. இப்ப வேண்டுதல்னு சொல்றாங்கோ. நீயே சொல்லு மாப்ள."

ஸ்பிரிட் தீர்த்த கதை முதற்கொண்டு சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய்போல இருந்தது. மூலையில் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்த அவருடைய மகள் பேனாவை வைத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அதுவரை அவள் என்னிடம் பேசியது மொத்தம் இரண்டு வாக்கியம்.

"நைனா, வேண்டிக்கினவங்க புருவத்தையுமா குடுத்துட்டு வருவாங்க? அதுவும் ஒரு பக்கம் மட்டும்?"

அவர் எழுந்து வந்து என் இடது கண்ணுக்கு மேலே உற்றுப் பார்த்தார். "சரி. சனிக்கெழம சாயந்திரம் இங்க கொணாந்து ஓட்டு. கல்பூரத்துல ஓட்டு, மச்சானும் பாக்கட்டும். ஓடிச்சின்னா மூணாவது ஓல. ஓடலன்னா நானே போய் போதகர்கிட்ட வேணான்னு சொல்லிட்டு வந்துடறேன்."

ஏற்கெனவே ஓட்டிப் பார்த்தாயிற்று என்பதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டு முற்றத்தில் தண்டவாளத்தை வட்டமாகப் போட்டோம். ஒன்றேமுக்கால் அங்குல அகலம், நான்கு தப்படி குறுக்களவு. தோழன் மட்டம் பார்த்தான். தாய்மாமன் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக நாற்காலியில். பெண் வாசல் தூணோரம். கற்பூரத்தைக் கொளுத்தினேன். சுவாலை எழுந்த அதே நேரத்தில் பால்காரம்மா உள்ளே வந்தாள். பளபளக்கும் செம்பையும் அதன் முன் எரியும் கற்பூரத்தையும் பார்த்தாள். பால் கேனைக் கீழே வைத்துவிட்டு, பயபக்தியோடு கிட்டே வந்து சுவாலையில் கை காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

"பாத்தீங்களா மாமா" என்றார் தாய்மாமன்.

பெண்ணின் அப்பா திரும்புவதற்குள் கரி பறக்க ஆரம்பித்துவிட்டது. கறுப்பு நூல்நூலாக மேலே போய், யோசித்து, வெள்ளை வேட்டிகளைத் தேர்ந்தெடுத்து இறங்கியது. கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. தாய்மாமன் சட்டையைத் தட்டிக்கொண்டே புன்னகை செய்தார். நான் யார் முகத்தையும் பார்க்காமல் தண்ணீர்மட்டக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்ணின் அப்பா எப்போது நாற்காலியை விட்டு இறங்கினார் என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது எனக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு விசிறியால் வீசிக்கொண்டிருந்தார்.

"பாடுதே. ஏன் நவுரல?"

"அழுத்தம் போதல ஐயா."

"இன்னுங் கொஞ்சம் கல்பூரம் போடேன்."

"போட்டா கரிதான் ஏறும்."

அவர் விசிறியைக் கீழே போட்டார். "இதுக்கு இன்னாதான் வேணும் அப்ப?"

நான் வாயைத் திறக்கவில்லை. தோழன் திறந்தான். "ஸ்பிரிட்டு வேணும் ஐயா. வேற எதுக்கும் மசியாது."

தூணோரத்திலிருந்து குரல் வந்தது.

"நைனா, ஜெபக் கூட்டத்துக்கு பெட்ரோமாக்ஸ் கொளுத்த வெச்சிருக்கீங்களே."

"அது வெளக்குக்கு."

"அதுவும் ஸ்பிரிட்டுதான நைனா."

அவர் மகளைப் பார்த்தார், இன்ஜினைப் பார்த்தார். வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து உள்ளே போனார். வரும்போது செய்தித்தாளில் சுற்றிய பாட்டில் ஒன்று கையில் இருந்தது. என்னிடம் நீட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

"வாக்குக் குடுத்திருக்கேன் ஐயா. தொடமாட்டேன்."

என் முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று அவர் தேடினார். இல்லாதபடி பார்த்துக்கொண்டேன். தோழன் கரியைச் சுரண்டி, புகைபோக்கியைக் குத்திவிட்டு, திரி வைத்த பழைய பர்னரை மாட்டினான். மதுவிலக்குக் கமிட்டித் தலைவர் தம் கையால் மூடியைத் திறந்து, ஒரு சொட்டு சிந்தாமல் மூன்று குழாயிலும் ஊற்றினார். இந்த வேலைக்கென்றே பிறந்த கை. தீக்குச்சியும் அவரே கிழித்தார்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பேனாச் சுருளுக்கு அடியிலிருந்து வெண்கலக் குண்டு சீறத் தொடங்கியது. நீராவியைச் சிலிண்டருக்கு விடும் ரெகுலேட்டரைத் திறந்தேன். முதலில் சிலிண்டரில் தேங்கியிருந்த தண்ணீர் எண்ணெயும் கரியுமாகப் புகைபோக்கி வழியே மேலே பாய்ந்து தாய்மாமனின் மடியில் விழுந்தது. அது எல்லா இன்ஜினும் செய்வதுதான், யாரையும் குறி வைப்பதில்லை. பிறகு சக்கரம் ஒரு தடவை தயங்கிச் சுழன்றது. இன்ஜின் வட்டத்தில் ஓடியது. தோழன் விசிலைத் தட்டினான். பால்காரம்மா தெருவிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணு" என்றார் பெண்ணின் அப்பா. "ரெண்டு." பதினேழு சுற்றுவரை உரக்க எண்ணினார். பதினெட்டாவதில் வேகம் குறைந்து, தூணுக்கு நேராக வந்து நின்றது.

"அவ்ளோதானா? இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

"மாமா" என்றார் தாய்மாமன், மடியைப் பிழிந்துகொண்டே. "கல்பூரத்துல ஓட்டணும்னுதான் பேச்சு. ஓடல. நாளைக்கு நான் எழுந்து நிப்பேன்."

வாசகப்படி பார்த்தால் அவர் சொன்னது நியாயம். பெண்ணின் அப்பா பாட்டிலைத் தூக்கி மிச்சத்தை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நில்லு மச்சான். எதுல ஓடிச்சி, யார் ஊத்தினதுன்னும் சேத்தே சொல்லிடு. நான் இல்லன்னு சொல்லமாட்டேன். உங்க அக்காவுக்கு மட்டும் நீயே பதில் சொல்லிக்கோ."

மறுநாள் மூன்றாவது ஓலை. நான் நான்காவது வரிசை. பெண் எதிர்ப்பக்கம். தாய்மாமன் எனக்கு முன்னால், இரவல் வேட்டியில். போதகர் வாசித்து முடித்து, தடை சொல்பவர் யாரேனும் உண்டா என்று கேட்டுக் காத்திருந்தார். தாய்மாமன் எழுந்தார். கோயில் முழுவதும் அவர் பக்கம் திரும்பியது. போதகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பெண்களின் வரிசையில் தாய்மாமனின் அக்காள், பெண்ணின் அம்மா, தொண்டையைச் செருமினார், அவ்வளவு பலமாகச் செருமியதை அந்தக் கோயில் அதற்கு முன் கேட்டிருக்காது. தாய்மாமன் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு வரிசையின் ஓரத்துக்கு நகர்ந்து, நன்றாகத்தான் காற்று வந்துகொண்டிருந்த ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

போதகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த அறிவிப்பை வாசித்தார். மதுவிலக்குக் கமிட்டிக் கூட்டம் வியாழக்கிழமை மாலை, தலைவர் இல்லத்தில். என் மாமனார் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பாட்டுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.